காண்ட்ராஸ்ட் பெயிண்டில் பிளெண்டிங்: அங்கியில் திட்டு விழாமல் இரண்டு நிறத்தைச் சேர்ப்பது எப்படி?

மடிப்புநிழல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மூன்று மாதமாக மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டுகிறேன். எல்லாமே 28 முதல் 32 மி.மீ. அளவுப் பொம்மைகள். ஆரம்பத்திலேயே சிட்டடெல் காண்ட்ராஸ்ட் வாங்கிவிட்டேன். ஒரே பூச்சில் (ஒரு கோட்) நிழலும் வெளிச்சமும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் மனசு அதிலேயே நின்றுவிட்டது. ரோமம், தலைமுடி, எலும்பு, சங்கிலிக் கவசம் என்று மேடுபள்ளம் நிறைய இருக்கிற இடங்களில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் ஒரு மந்திரவாதியின் அங்கியில். தோளில் மஞ்சள், இடுப்பருகே ஆரஞ்சு, கீழ் ஓரத்தில் அடர் சிவப்பு என்று நெருப்பு மாதிரி இறங்க வேண்டும். இயாண்டன் யெல்லோ, கிரிஃப்-ஹவுண்ட் ஆரஞ்ச், ஃப்ளெஷ் டேரர்ஸ் ரெட் மூன்றும் கையில் இருக்கின்றன. அடியில் ரெய்த்போன் என்ற வெளிர் எலும்பு நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே.

மஞ்சளைப் பூசிக் காயவிட்டு, பாதியிலிருந்து ஆரஞ்சு வைத்தேன். இரண்டும் சேரும் இடத்தில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. அதை மறைக்க ஈரப் பிரஷால் தேய்த்தேன். தேய்த்த இடத்தில் பெயிண்ட் உரிந்து பிரைமர் தெரிந்தது, அதைச் சுற்றி ஆரஞ்சு வளையம். இரண்டு முறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இரண்டு முறையும் அதே வளையம்.

இந்த வகைப் பெயிண்டில் நிறத்தோடு நிறம் இழைய வைக்க முடியுமா? இல்லை, அங்கிக்கு மட்டும் சாதாரண அக்ரிலிக்குக்குப் போய்விடுவதுதான் நல்லதா?

கருப்புபிரைமர் எழுதியது:

இது ஒரு கோட் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டிய பெயிண்ட். மேலே வைத்து இழைப்பதற்காகச் செய்ததல்ல. வெளிச்சம் நிழல் எல்லாவற்றையும் பிரைமர் நிலையிலேயே முடித்துவிடுங்கள், மேலே வருவது நிறம் மட்டும் தரட்டும். விவரம் வேண்டுமானால் இரவு எழுதுகிறேன்.

ஈரவிளிம்பு எழுதியது:

முடியும். ஆனால் சாதாரண அக்ரிலிக்கில் செய்வதை அப்படியே இதில் செய்யப் போனால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். அதனால் முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சாதாரண அக்ரிலிக்கை எங்கே வைக்கிறீர்களோ அங்கேயே நிற்கும். இது நிற்காது. இதில் ஒளி ஊடுருவும் மீடியம் (நிறமில்லாத திரவம்) அதிகம், நிறமும் செறிவாக இருக்கும், நன்றாக வழிந்தோடும்படி செய்திருக்கிறார்கள். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் போய்த் தங்குகிறது. பள்ளத்தில் தடிமன் கூடுவதால் நிறம் அடர்கிறது. மேட்டில் மெலிந்து போவதால் அடியில் உள்ள வெளிர் பிரைமர் தெரிகிறது. 2019 ஜூனில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் இதை வெளியிட்டபோது எல்லோரும் பேசியது இதைத்தான். ஆக, பெயிண்ட் தானாக நடந்து போகிறது. அது எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு போக வேண்டும் என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அடுத்தது காயும் விதம். தண்ணீர் ஆவியாக ஆவியாக, அக்ரிலிக் துகள்கள் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகின்றன. காய்ச்சிய பாலில் ஆடை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே மெல்லிய ஆடை, அடியில் இன்னும் பால். ஆடை கட்டத் தொடங்கிய நேரத்தில் பிரஷ் பட்டால் அது சுருண்டு கிழியும். உங்களுக்கு உரிந்து வந்தது அதுதான். மஞ்சள் முழுக்கக் காய்ந்திருக்காது. வெளியே காய்ந்தது போலத் தெரிந்திருக்கும். அங்கியின் பள்ளங்களில் பெயிண்ட் தேங்கியிருப்பதால் அங்கே உள்ளே காய ரொம்ப நேரம் பிடிக்கும்.

நான் செய்கிற முறை இது. முழு அங்கியையும் ஒரே மூச்சில் தொடுவதில்லை. ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளம் வரை, அதாவது ஒரு மடிப்பை மட்டும் எடுத்துக்கொள்வேன். பள்ளத்தின் அடி எப்படியும் இருட்டு, அங்கே இரண்டு பகுதிகள் சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. பிரஷ் மூன்று வேண்டும்: மஞ்சளுக்கு ஒன்று, ஆரஞ்சுக்கு ஒன்று, மூன்றாவதில் நிறமே கிடையாது, காண்ட்ராஸ்ட் மீடியத்தில் தோய்த்து டிஷ்யூவில் ஒற்றி எடுத்தது. மூன்றையும் தொடங்குவதற்கு முன்பே தயாராக வைத்துவிட வேண்டும். நடுவில் பிரஷ் கழுவப் போனால் அங்கேயே நேரம் போய்விடும்.

மஞ்சளைத் தோளிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு இறக்குங்கள். அது பளபளவென்று ஈரமாக இருக்கும்போதே ஆரஞ்சைக் கீழ் ஓரத்திலிருந்து மேல் நோக்கிக் கொண்டுவந்து மஞ்சளின் மேல் மூன்று, நான்கு மி.மீ. ஏற்றுங்கள். இப்போது மூன்றாவது பிரஷின் பக்கவாட்டால் அந்த இடத்தில் இடமும் வலமுமாக நான்கைந்து முறை, எறும்பு ஊர்வது போன்ற அழுத்தத்தில். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து போவதை நீங்களே பார்க்கலாம். அப்புறம் அதே பிரஷை டிஷ்யூவில் பிழிந்துவிட்டு, கீழ் விளிம்பில் சொட்டாகத் தேங்கி நிற்பதை நுனியால் தொட்டு உறிஞ்சி எடுங்கள்.

அவ்வளவுதான், கை வைக்காதீர்கள். ஒரு மடிப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் நான் எடுப்பதில்லை. ஈரப் பளபளப்பு ஓரிடத்தில் மங்கத் தொடங்கிவிட்டால், கோடு தெரிந்தாலும் விட்டுவிடுவேன். காய்ந்த பிறகு சரிசெய்ய வழி இருக்கிறது, கிழிந்ததைச் சரிசெய்வதுதான் கஷ்டம்.

சிவப்பை இந்தச் சுற்றில் சேர்க்க வேண்டாம். ஒரு நாள் கழித்து, ஒரு பங்கு சிவப்புக்கு நான்கு பங்கு மீடியம் கலந்து, பிரஷை நன்றாக ஒற்றிவிட்டு, ஆரஞ்சின் நடுவிலிருந்து கீழ் ஓரத்தை நோக்கி இழுங்கள். இழுப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் நிறம் அதிகமாகப் படியும். அதனால் எப்போதும் அடர்வாக வேண்டிய பக்கம் நோக்கியே இழுக்க வேண்டும். காயவிட்டு மறுபடி, இந்த முறை இன்னும் கீழேயிருந்து. மூன்று, நான்கு சுற்றில் அடர் சிவப்பு வந்துவிடும், தொடக்கம் எங்கே என்றே தெரியாது.

இன்னொன்று, பொம்மையை நேராகப் பிடித்தபடி காயவிடுங்கள். நிறம் கீழ் நோக்கி இறங்குவது உங்களுக்குச் சாதகம். தோளில் அடர்வும் கீழே வெளிர்வும் வேண்டுமென்றால் தலைகீழாகப் பிடித்துக் காயவிட வேண்டும்.

சிங்கைத்தூரிகை எழுதியது:

ஈரவிளிம்பு அண்ணா சொன்னதோடு ஒன்று. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள். நான் ஒரு வருடம் இதைக் கவனிக்கவே இல்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும், அங்கியின் ஒரு பக்கம் இழையும், காற்றுப் படுகிற பக்கம் கோடு விழும். கையில்தான் குறை என்று நினைத்துப் பிரஷை மாற்றினேன், பெயிண்டை மாற்றினேன். ஒரு நாள் மின்சாரம் போன நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் தீட்டிய தொப்பி மட்டும் அவ்வளவு அழகாக வந்தது. அப்போதுதான் புரிந்தது. சிங்கப்பூரில் ஈரப்பதம் எப்போதும் அதிகம், அது இந்த வேலைக்கு வரம். ஏசி போட்டால் காற்று உலர்ந்து அந்த வரம் போய்விடும்.

ஆனால் அதே ஈரப்பதம் ஸ்ப்ரே பிரைமருக்கு ஆகாது. மழை நாளில் அடித்தால் மேலே மாவு தூவியது போலப் பூத்துவிடும், அதன்மேல் எந்தக் காண்ட்ராஸ்டும் சீராக ஓடாது. நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் மேலே எத்தனை கவனமாகத் தீட்டினாலும் திட்டு விழும். அப்படி ஆகிவிட்டால் மெல்லிய பளபளப்பு (கிளாஸ்) வார்னிஷ் ஒரு கோட் போட்டுவிட்டு அதன்மேல் தீட்டலாம். வழுவழுப்பான பரப்பில் பெயிண்ட் இன்னும் நீண்ட நேரம் நகரும்.

பனிக்கால_பிரஷ் எழுதியது:

நான் டொராண்டோவில் இருக்கிறேன், எனக்கு நேர் எதிர் அனுபவம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் காற்று அப்படியே வறண்டு கிடக்கும். மேலே சொன்ன ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்காது. பெயிண்ட்டிலேயே பாதிக்குப் பாதி மீடியம் கலந்துவிடுகிறேன். நிறம் வெளிறும், இரண்டு கோட் வேண்டியிருக்கும், ஆனால் இழைக்க நேரம் கிடைக்கிறது. காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு சேர்ப்பதும் உண்டு. ஒரு சொட்டுக்கு மேல் போகாதீர்கள். ஒருமுறை தாராளமாக ஊற்றிவிட்டேன், இரண்டு நாள் கழித்தும் அங்கி பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது, தூசியெல்லாம் அதில் போய் உட்கார்ந்தது.

மடிப்புநிழல் எழுதியது:

இவ்வளவு விரிவாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நன்றி. நான் கோவையில் இருக்கிறேன், ஃபேன் ஓடிக்கொண்டேதான் இருந்தது!

இரண்டு சந்தேகம். மீடியம் பாட்டில் என்னிடம் இல்லை, தண்ணீர் கலந்தால் ஆகாதா? அப்புறம், நான் வெட் பேலட் (பெயிண்ட் காயாமல் ஈரத்தாளில் வைக்கும் தட்டு) வைத்திருக்கிறேன், மூன்று நிறத்தையும் அதில் ஊற்றிக்கொள்ளலாமா?

ஈரவிளிம்பு எழுதியது:

இரண்டுக்கும் ஒரே பதில்தான்: தண்ணீர் வேண்டாம். பிரஷை நனைக்கிற அளவு தண்ணீர் பரவாயில்லை. ஆனால் பெயிண்டை நீர்க்க வைக்கிற அளவுக்குப் போனால், சீராக ஓட வைக்கிற தன்மையே கெட்டுவிடும். அப்புறம் காபிக் கறை மாதிரி விளிம்பு விழும்.

காபிக் கறை என்று சும்மா சொல்லவில்லை. மேசையில் சிந்திய காபிச் சொட்டு காய்ந்தால் நடுவில் வெளிறி ஓரத்தில் மட்டும் அடர் வளையம் நிற்கும் இல்லையா? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் இதழில் அதற்கு விளக்கம் தந்தார்கள். சொட்டின் ஓரம் பரப்பில் ஒட்டி அசையாமல் நிற்கிறது, அங்கேதான் ஆவியாவது வேகம். போன ஈரத்தை ஈடுகட்ட நடுவிலிருந்து திரவம் ஓரத்துக்கு ஓடுகிறது, ஓடும்போது துகள்களையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே குவிக்கிறது. உங்கள் அங்கியில் ஆரஞ்சு வளையம் வந்ததும் இதே வேலைதான். ஈரப் பிரஷால் ஓரிடத்தை மட்டும் நனைத்தீர்கள், அது தனிச் சொட்டாகி, தன் ஓரத்தில் நிறத்தைக் குவித்துக்கொண்டு காய்ந்தது. மீடியத்தில் பிசினும் இருப்பதால் திரவம் கெட்டியாகவே இருக்கும், துகள்கள் அவ்வளவு சுலபமாக ஓரத்துக்கு ஓடாது.

வெட் பேலட் தாள் அடியிலுள்ள தண்ணீரை மேலே விடும். காண்ட்ராஸ்டை அதில் ஊற்றினால் நீர்த்து, பரந்து, பக்கத்து நிறத்தோடு ஓடிச் சேரும். வீட்டில் மிச்சமான வெள்ளை டைல்ஸ் துண்டு இருந்தால் போதும். நான் பீங்கான் சாஸர் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பரப்பாக இருப்பது நல்லது, எவ்வளவு மெலிதாக இருக்கிறது என்பது அதிலேயே தெரியும்.

கருப்புபிரைமர் எழுதியது:

நேற்று சொன்னபடி விவரம். ஈரத்தில் இழைப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஈரவிளிம்பு பல வருடக் கைப்பழக்கத்தில் செய்கிறார். ஆனால் இருபது பொம்மைகள் ஒரே மாதிரி வர வேண்டும் என்றால் அது நடக்காது. இருபதில் ஏழு ஒரு மாதிரி, மற்றவை ஒரு மாதிரி ஆகிவிடும். அடித்தளத்தில் செய்த கலப்பு அவசரப்படுத்தாது. பிடிக்கவில்லையா, மேலே இன்னொரு தடவை தூவிக்கொள்ளலாம். கெடு எதுவும் கிடையாது.

கருப்பு பிரைமர் அடித்து, மேலேயிருந்து 45 பாகைச் சாய்வில் வெள்ளை தூவினால் வெளிச்சம் விழுகிற இடம் வெளுத்து, மறைவிடம் கருப்பாக நிற்கும். ஸ்ப்ரே இல்லாதவர்கள் கருப்பின் மேல் சாம்பல், அதன்மேல் வெள்ளை என்று டிரை பிரஷ் (கிட்டத்தட்ட காய்ந்த பிரஷால் மேடுகளை மட்டும் தடவுவது) செய்யலாம். மேக்கப்புக்கு விற்கும் மொத்தமான வட்டப் பிரஷ் இதற்கு அருமையாக இருக்கும். ஸ்லாப்சாப் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அதன்மேல் காண்ட்ராஸ்ட் ஒரு கோட், அவ்வளவுதான்.

ஆனால் மடிப்புநிழலுக்கு நான் இதை அப்படியே சொல்ல மாட்டேன், காரணம் மஞ்சள். கருப்பு, சாம்பல் மேல் மெல்லிய மஞ்சள் விழுந்தால் பச்சை கலந்த அழுக்கு நிறமாகிவிடும். முகமும் மரக்கட்டையும் பழுப்புத் தோலும் ஸ்லாப்சாப்பில் தாங்கும். மஞ்சளும் வெளிர் ரோஜாவும் தாங்காது. உங்கள் அங்கிக்குக் கருப்பைத் தொடாதீர்கள். ரெய்த்போன் அப்படியே இருக்கட்டும். தோள் பக்கம் சாதாரண வெள்ளை அக்ரிலிக்கை டிரை பிரஷ் செய்யுங்கள். கீழ் ஓரத்தில் செங்கல் நிறமோ வெளிர் சிவந்த பழுப்போ ஏதாவது ஒரு சாதாரண அக்ரிலிக், அதையும் டிரை பிரஷாகவே மேல் நோக்கி மங்கலாக விடுங்கள். டிரை பிரஷின் சொரசொரப்பு இருந்தாலும் பரவாயில்லை, மேலே வரும் காண்ட்ராஸ்ட் அதை மூடிவிடும். இப்போது மூன்று நிறத்தையும் எப்படி வைத்தாலும் அடித்தளமே உங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடும்.

ஈரவிளிம்பு எழுதியது:

மஞ்சள் விஷயத்தில் நூறு சதம் சரி. அடியில் சிவந்த பழுப்பு வைத்து மேலே ஈரத்தில் இழைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. நான் செய்து பார்த்ததில்லை, இந்த வாரம் செய்கிறேன்.

புதுவரவு22 எழுதியது:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். அங்கி சரி, டாங்கி மாதிரி தட்டையான பரப்பு இருந்தால்? நான் பச்சை பூசினேன், மேகம் மேகமாக வந்திருக்கிறது.

கருப்புபிரைமர் எழுதியது:

தட்டைப் பரப்பில் பெயிண்ட் போய்த் தங்கப் பள்ளம் இல்லை, அதனால் கண்ட கண்ட இடத்தில் தேங்கும். ஏர்பிரஷ் இருந்தால் காண்ட்ராஸ்டை மெலிதாக இரண்டு, மூன்று முறை தூவுங்கள், அழகாக இருக்கும். இல்லையென்றால் டாங்கிக்குச் சாதாரண அக்ரிலிக்கே நல்லது. காண்ட்ராஸ்டைச் சக்கரப் பட்டைக்கும் தார்ப்பாய்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

பனிக்கால_பிரஷ் எழுதியது:

சுற்றுச் சுற்றாக மேலே மேலே தீட்டப் போகிறீர்கள் என்பதால் ஒரு எச்சரிக்கை. இந்த வகைப் பெயிண்ட் எல்லாமே ஒரே மாதிரி காய்வதில்லை. நான் வாங்கிய ஒரு வரிசை, பெயர் வேண்டாம், முழுக்கக் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரைந்து மேலே வந்தது. நீலத்தின் மேல் வெள்ளைக் கோடு இழுத்தால் கோடு வெளிர் நீலமாகிவிடும். பிற்பாடு வந்த பதிப்பில் அந்தக் குறை இல்லை. கையில் இருக்கும் பாட்டில் எந்த ரகம் என்று தெரிய ஒரு எளிய சோதனை: பிளாஸ்டிக் ஸ்பூனில் பூசி, ஒரு நாள் விட்டு, ஈரமான பட்ஸால் பத்து முறை தேயுங்கள். பட்ஸில் நிறம் ஏறினால் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மெல்லிய மேட் வார்னிஷ் போட்டுவிட்டுத்தான் அடுத்தது.

கரையாத ரகமாக இருந்தாலும் கடைசியில் வார்னிஷ் அவசியம். கூர்மையான விளிம்புகளில் படலம் மிக மெலிது. விளையாடும்போது விரல் பட்டுப் பட்டு முதலில் தேய்வது அங்கேதான்.

சிங்கைத்தூரிகை எழுதியது:

நல்ல சேபிள் (விலங்கு முடி) பிரஷை இதற்கு எடுக்காதீர்கள். இந்தத் திரவம் தகர வளையத்துக்குள் ஏறிக் காய்ந்துவிடும், அப்புறம் நுனி இரண்டாகப் பிளக்கும். சிந்தெடிக் பிரஷ் போதும்.

மடிப்புநிழல் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். மீடியம் வந்து சேரத் தாமதம், அதனால்தான்.

நேராக மந்திரவாதியில் கை வைக்கவில்லை. முதலில் மூன்று பிளாஸ்டிக் ஸ்பூனில் பிரைமர் அடித்து, குழிந்த பக்கத்திலும் குவிந்த பக்கத்திலும் பழகினேன். முதல் ஸ்பூன் வீண். இரண்டாவதில், ஆரஞ்சை மஞ்சளின் மேல் ஏற்றியதும் ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. மூன்றாவது பிரஷை வைத்ததும் விளிம்பு உடைந்து, ஆரஞ்சு விரல் விரலாக மஞ்சளுக்குள் போனது. அப்படியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்! அதற்குள் பளபளப்பு மங்கிவிட்டது. கை வைக்கவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் அந்த விரல்களே நெருப்புச் சுடர் போல நின்றன. மூன்றாவது ஸ்பூனில் முழுக்க இழைத்துப் பார்த்தேன், வழுவழுவென்று வந்தது. ஆனால் எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் மந்திரவாதி. கருப்புபிரைமர் சொன்னபடி தோளில் வெள்ளை, கீழே செங்கல் நிறம் டிரை பிரஷ். ஃபேனை நிறுத்தி, சாஸரில் மூன்று சொட்டு, ஒவ்வொரு மடிப்பாக. அங்கியில் ஒன்பது மடிப்பு இருக்கிறது. இடது பக்கத்திலிருந்து தொடங்கினேன், நான்காவது மடிப்பிலிருந்து கை பழகிவிட்டது. மறுநாள் சிவப்பு, ஒன்றுக்கு நான்கு மீடியம், மூன்று சுற்று. மூன்றாவது சுற்றில் ஓரத்து ஒரு செ.மீ. மட்டும். செங்கல் நிறம் அடியில் இருப்பதால் சிவப்பு கனன்று எரிவது போல இருக்கிறது. ஸ்பூனில் வெறும் ரெய்த்போன் மேல் வந்த சிவப்பு அவ்வளவு ஆழமாக இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஈரவிளிம்பு அண்ணா, நீங்களும் செய்து பார்த்தீர்களா?

முதல் மூன்று மடிப்பிலும் மஞ்சளும் ஆரஞ்சும் சேரும் இடத்தில் கோடு இருக்கத்தான் செய்கிறது. உரிக்கப் போவதில்லை. மஞ்சளோடு மீடியத்தை நிறையக் கலந்து, அந்தக் கோட்டின் மேல் மட்டும் ஆரஞ்சை நோக்கி இழுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சிவப்புக்குச் சொன்ன அதே முறை மஞ்சளுக்கும் பொருந்துமா, இல்லை மஞ்சள் அடர்வை மூடாது என்பதால் ஆரஞ்சை மெலிதாக்கி மஞ்சள் பக்கம் இழுக்க வேண்டுமா?

ஈரவிளிம்பு எழுதியது:

இரண்டாவதுதான். மஞ்சள் ஆரஞ்சை மூடாது, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ஆரஞ்சு ஒன்று, மீடியம் ஆறு. கோட்டில் தொடங்கி மேல் நோக்கிக் குறுகிய இழுப்பு, ஆனால் பிரஷ் கிட்டத்தட்ட காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இழுப்பின் முடிவில் புதுக்கோடு விழும்.

சிவந்த பழுப்பு அடித்தளத்தை நானும் செய்தேன். ஒரு டிராகனின் இறக்கைச் சவ்வில். இனி நெருப்பு நிறத்துக்கு வேறு முறைக்குப் போக மாட்டேன். கருப்புபிரைமருக்கு நன்றி.

கருப்புபிரைமர் எழுதியது:

மகிழ்ச்சி. மடிப்புநிழல், அந்த இரண்டாவது ஸ்பூனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் எந்தெந்தப் பெயிண்ட், எத்தனை பங்கு என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த மந்திரவாதிக்கு அது வேண்டும்.